நெட் ஏன் திடீர் திடீர்னு திக்குது?



“எங்க வீட்ல ஐம்பது எம்பி ஸ்பீடு” என்று பலர் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனா வீடியோ காலில் முகம் அப்படியே உறைந்துபோய், குரல் துண்டு துண்டாக வருகிறது. ஏன்?

வேகம் வேறு, தாமதம் வேறு. வேகம் குழாயின் அகலம் மாதிரி. தாமதம் என்பது நாம் அனுப்பிய தகவல் போய்த் திரும்பும் நேரம். கண்ணாடி இழையில் ஒளி ஒரு செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 1000 கிலோமீட்டர் போய் வர 10 மில்லிசெகண்ட்தான். அதனால தூரத்தைத் திட்டாதீங்க. தூரம் திடீர்னு கூடிக் குறையாது.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கலாம். கம்ப்யூட்டரில் கமாண்ட் விண்டோவைத் திறந்து ‘பிங்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு ரவுட்டரின் எண்ணைப் போடுங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். விடை சில மில்லிசெகண்டில் வரணும். அதுவே 200, 300 என்று துள்ளினால் குற்றவாளி வைஃபை. நடுவில் சுவர் இருக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும்கூட குறுக்கிடும். லேன் ஒயர் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ரவுட்டர் ஒழுங்கா இருந்தால், அடுத்து 8.8.8.8-க்கு பிங் போடுங்கள். எங்க வீட்டில் இங்கேதான் பிடிபட்டது. குவைத்திலிருந்து அப்பா ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் கூப்பிட முடியும். தம்பி பாதிப் பேச்சில் “அப்பா போயிட்டாரு”ன்னு எழுந்து போயிடுவான். பிங் 30-லிருந்து 900-க்கு ஏறியது. அதே நேரத்தில் அண்ணன் போன், எடுத்த போட்டோவையெல்லாம் தானா மேலே ஏற்றிக்கொண்டிருந்தது! ரேஷன் கடையில் பத்து மூட்டைக்காரர் முன்னால் நின்றால், கால் கிலோ சர்க்கரைக்கு வந்தவரும் காத்திருக்கணும் இல்லையா? ரவுட்டருக்குள்ளும் அதே வரிசைதான். ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 2010-இல் தம் வீட்டு இணைப்பில் இதைக் கவனித்தார். ‘பஃபர்ப்ளோட்’ என்று பெயர்.

போட்டோ ஏற்றுவதை நிறுத்தினோம், பிங் 30-க்கு இறங்கியது. இப்போ அது நடுராத்திரியில் நடக்குது. சில ரவுட்டர்களில் ‘க்யூஓஎஸ்’ என்ற வசதி உண்டு. அதில் ஏற்றும் வேகத்தை உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வைத்தாலும் வரிசை நீளாது.

எல்லாப் போனையும் அணைத்த பிறகும் துள்ளினால், மஞ்சள் ஒயர் எங்காவது ஆணியில் மடங்கித் தொங்குதா என்று பாருங்கள். மடிப்பில் ஒளி கசியும். அதுவும் இல்லையென்றால் கம்பெனிக்குத்தான் போன் போடணும். “நெட் ஸ்லோ” என்று மட்டும் சொன்னால் “பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்பார்கள். மணி எத்தனை, ரவுட்டருக்கு எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று மூன்று நாள் நோட்டில் குறித்து வைத்துச் சொல்லுங்கள்.