எதிர்த்தரப்பின் வழக்குரைஞர்

சென்ற ஆண்டு வகுப்பில் 'தொழில்' என்னும் சொல்லின் பொருள்களை விளக்கிக்கொண்டிருந்தேன். ஆண்டர்சன்பேட்டையில் அச்சொல்லை எடுத்தால் பேச்சு சுரங்கத்தில் போய்த்தான் நிற்கும். ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, சுரங்கத்தை மூடினப்போ எங்க தாத்தாவோட சங்கம் கேஸ் போட்டுச்சாம். கம்பெனிக்காகவும் ஒரு வக்கீல் வாதாடினாராம். அவருக்கு எப்படி ஐயா மனசு வந்தது?" என்று கேட்டாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று சொல்ல இயலாமற்போன விடையே இப்பாடம்.

மாணவர்களே! வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து உங்கள் முன்னோர் இங்கே வந்தபோது, கோலார் தங்கவயலை ஜான் டெய்லர் என்னும் ஆங்கிலேயக் குழுமம் நடத்திவந்தது. அந்நாளில் நிருவாகத்தின் ஆணையே சட்டம். 1930ஆம் ஆண்டில் தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிய வேண்டும் என்ற விதி வந்தபோது, அதனை எதிர்க்க அவர்களுக்கு வேலைநிறுத்தம் தவிர வேறு வழி தெரியவில்லை. முறையிட ஒரு தீர்ப்பாயம் இருந்திருந்தால் சுரங்கத்தின் வாயிலில் நடந்தது ஓர் அறைக்குள் பேசித் தீர்க்கப்பட்டிருக்கலாம்.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் அந்த வழியைத் திறந்தது. தொழிலாளர் நீதிமன்றங்களும் தீர்ப்பாயங்களும் தோன்றின. அவற்றில் முதலாளியின் சார்பில் பேசுவதற்கென்றே தேர்ச்சி பெற்ற வழக்குரைஞர்களும் உருவாயினர்.

இவர்களுடைய பணியில் பெரும்பகுதி நீதிமன்றத்திற்கு வெளியே நடப்பது. ஒரு மேலாளர் சினத்தோடு தொலைபேசியில் அழைக்கிறார். "ஒருவன் பத்து நாளாக வேலைக்கு வரவில்லை, இன்றே பெயரை நீக்கிவிடலாமா?" என்கிறார். நல்ல வழக்குரைஞர் உடனே "கூடாது" என்பார். குற்றச்சாட்டை எழுத்தில் கொடுங்கள். அவர் விளக்கம் தரக் காலம் கொடுங்கள். நடுநிலையான ஒருவரைக் கொண்டு விசாரணை நடத்துங்கள். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய அவரை விடுங்கள். அதன் பின்னரே முடிவு செய்யுங்கள் என்பார். மேலாளருக்கு இது பிடிக்காது. கட்டணம் கொடுப்பவரிடமே "கூடாது" என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

அவ்வாறு சொல்ல ஆளில்லாவிட்டால் என்ன ஆகும்? எட்டு நாள்களுக்கு மேல் விடுப்பின்றி வராதவரின் வேலை தானாகவே போய்விடும் என்று ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் நிலையாணை கூறியது. அதன்படி ஒரு தொழிலாளி விசாரணையின்றி நீக்கப்பட்டார். தாம் வேலைக்கு வந்ததாகவும் வாயிலிலேயே தடுக்கப்பட்டதாகவும் அவர் கூறினார். 1993இல் உச்சநீதிமன்றம், அவர் தரப்பைக் கேளாமல் நீக்கியது செல்லாது என்று தீர்ப்பளித்தது. வேலையும், வேலையின்றி இருந்த காலத்திற்குப் பாதி ஊதியமும் அவருக்குக் கிடைத்தன. ஆனால் நீக்கப்பட்டது 1980இல்! இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று எந்தத் தீர்ப்பிலும் எழுதியிருப்பதில்லை.

இனி ஒரு வியப்பான செய்தி. அச்சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, தீர்ப்பாயத்தில் ஒரு தரப்பு வழக்குரைஞரை அமர்த்த வேண்டுமானால் எதிர்த்தரப்பின் இசைவும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் தேவையாக இருந்தன. சமரசப் பேச்சில் வழக்குரைஞருக்கு இடமே இருக்கவில்லை. முதலாளி பெரிய வழக்குரைஞரை அமர்த்துவார், தொழிலாளியால் இயலாது என்ற எண்ணமே இதற்குக் காரணம். எனினும் 1976இல் பாரதீப் துறைமுக வழக்கில், முதலாளிகள் சங்கத்தின் பொறுப்பாளராக உள்ள வழக்குரைஞர் அந்தப் பொறுப்பில் முன்னிற்க எவர் இசைவும் வேண்டியதில்லை என்று உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. வேலி இருந்தது, வேலியில் ஒரு வாயிலும் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி நம் சுரங்கத்திற்கு வருவோம். தொழிலை மூட அரசின் அனுமதி வேண்டும் என்று 1976இல் ஒரு விதி சேர்க்கப்பட்டது. பம்பாயில் ஆடை தைத்த எக்செல் வேர் நிறுவனத்தின் வழக்குரைஞர்கள், தொழில் தொடங்கும் உரிமையில் அதனை மூடும் உரிமையும் அடங்கும் என்று வாதிட்டனர். 1978இல் உச்சநீதிமன்றம் அந்த விதியை நீக்கியது. பின்னர் நாடாளுமன்றம் அதனைத் திருத்தி அமைத்தது. அரசு இரு தரப்பையும் கேட்டு, காரணங்களை எழுதியே முடிவு செய்ய வேண்டும் என்றாயிற்று. இத்திருத்தம் 2002இல் ஏற்கப்பட்டது. முதலாளியின் பக்கம் நின்ற வாதம், தொழிலாளிக்கும் பயன்படும் தெளிவான விதியைத் தந்தது என்பதைக் கவனியுங்கள்.

தங்கவயலின் சுரங்கங்கள் 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கீழ் இருந்தன. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்று தோண்டும் செலவு, கிடைத்த தங்கத்தின் விலையை மிஞ்சியது. நிறுவனம் நலிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இங்கே ஒரு முரண் உண்டு. நிறுவனம் மத்திய அரசுடையது. சுரங்கத்தை மூட அனுமதி தர வேண்டியதும் மத்திய அரசே. கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே வீட்டார் என்றால், தொழிலாளர்க்கு எஞ்சியது நீதிமன்றம் ஒன்றுதான். அவர்கள் அங்கே சென்றனர். நிறுவனத்தின் கணக்குகளையும் காரணங்களையும் அதன் வழக்குரைஞர் அங்கேதான் எல்லார் முன்னிலையிலும் எடுத்துரைக்க வேண்டியிருந்தது. அவர் பேசியதால்தான் தாத்தாவின் சங்கத்தால் அவருக்கு மறுமொழி கூற முடிந்தது. அவர் வாராதிருந்தால் மூடிய வாயிலும் ஒட்டிய அறிவிப்பும் மட்டுமே நின்றிருக்கும்.

இதனால் அந்த மாணவியின் தாத்தாவுக்கு வேலை திரும்பவில்லை. அவளுடைய தந்தையார் இன்றும் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கிறார்.

அருஞ்சொற்பொருள்
நிலையாணை – நிறுவனத்தின் பணி விதிகள்
இசைவு – சம்மதம்
நலிவுற்ற – வலிமை குன்றிய
முரண் – ஒன்றுக்கொன்று மாறுபடுதல்

பயிற்சி
1. மேலாளரிடம் வழக்குரைஞர் "கூடாது" என்று கூறுவது ஏன்? ஐந்து வரிகளில் எழுதுக.
2. 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆட்குறைப்புக்கு உள்ளானவருக்கு அவர் பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டிற்கும் பதினைந்து நாள் ஊதியம் இழப்பீடாக இருந்தது. இருபது ஆண்டுகள் பணிபுரிந்தவருக்கு எத்தனை நாள் ஊதியம் கிடைத்திருக்கும்?
3. மாணவியின் வினாவைப் பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்கு மாற்றி எழுதுக.
4. சுரங்கம் மூடப்பட்ட நாளைப் பற்றி உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள பெரியவர் ஒருவரிடம் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வருக.