இருசக்கர ஊர்தியும் மனநலமும்

சேலம் செவ்வாய்ப்பேட்டை, மொத்த வணிகத்திற்கும் வெள்ளிக் கொலுசுத் தொழிலுக்கும் பெயர் பெற்றது. அதன் கடைவீதியில் சரக்கு வண்டிகளுக்கிடையே மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் களைத்து வீடு திரும்புகிறார். அவரே விடுமுறை நாளில் ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால், மனம் இலேசாவதை உணர்கிறார். வண்டி ஒன்றாயினும் விளைவு வேறாவது ஏன்?

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், பழகிய ஓட்டுநர்களை ஆராய்ந்தனர். 20 நிமிடப் பயணத்தில் மன அழுத்தத்தைக் காட்டும் இயக்குநீர்க் குறியீடுகள் 28 விழுக்காடு குறைந்தன, கவனமும் கூர்மையடைந்தது. இவ்வாய்வுக்கு நிதி வழங்கியது ஹார்லி டேவிட்சன் என்னும் மோட்டார் சைக்கிள் நிறுவனம் என்பதையும் கருதியே இம்முடிவை ஏற்றல் வேண்டும்.

வளைவு, எதிர்வரும் ஊர்தி, சாலையின் ஈரம் என ஒவ்வொரு கணமும் கண்ணும் கையும் ஒன்றிச் செயல்படுகையில், கவலை சுழல இடமிருப்பதில்லை. அமைதியைத் தருவது இக்கவனமே, வேகம் அன்று. நெரிசலிலும் கவனம் தேவையே. ஆயினும் ஓயாத ஒலிப்பான் ஓசையும், புகையும், நேரமாகிவிடுமோ என்னும் பதற்றமும் அதனைக் களைப்பாக்கிவிடுகின்றன.

சினத்தைத் தணிக்க வண்டியை எடுப்பவரிடம் அக்கவனம் இராது. அவர் மன ஆறுதல் தேடிப் புறப்பட்டு உயிரையே இழக்க நேரலாம். மனம் கொதிக்கும் வேளையில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் பேசுவதே தக்கது. கியர் உள்ள வண்டியை ஓட்ட, 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது நிறைந்திருத்தல் வேண்டும். அதுவரை மிதிவண்டியும் நடையும் மாணவரின் மனத்திற்குப் புத்துணர்வு அளிக்கும்.