அண்மையில் நான் படித்த இரு நாவல்கள்

சென்ற பருவத்தில் ஒரு நாள், விடுதியில் என் அறைத் தோழரான வங்காள மாணவர், “உங்கள் மொழியில் நல்ல நாவல் எழுதுகிறவர்கள் யார்?” என்று கேட்டார். கல்கி, நா. பார்த்தசாரதி என்று தொடங்கினேன். “இப்போது எழுதுகிறவர்கள்?” என்றார். எனக்கு விடை தெரியவில்லை. சரத் சந்திரரைத் தமிழில் படித்திருந்த நான், இன்றைய தமிழ் நாவல் ஒன்றைக்கூடப் படித்திருக்கவில்லை! அந்த வெட்கத்தினால் படித்த இரண்டு நாவல்களைப் பற்றி என் மனத்தில் பட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, சோ. தர்மன் எழுதிய ‘சூல்’. 2016-இல் வெளிவந்து, 2019-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றது. கரிசல் சீமையிலுள்ள உருளைக்குடிக் கண்மாயே இதன் கதைத் தலைவன் எனலாம். ஊரார் கூடி வண்டல் அள்ளுவதும், நீர்ப்பாய்ச்சி வயலுக்கு முறை வைத்து நீர் விடுவதும் மிக நன்றாகச் சொல்லப்பட்டுள்ளன. கண்மாய் ஊரின் பொறுப்பிலிருந்து நழுவியதும் அதன் அழிவு தொடங்குகிறது. கிளைக்கதைகளும் பாத்திரங்களும் மிகுதி. சில இடங்களில் யார் யாரென்று நான் தடுமாறியது உண்மை. ஆயினும் படித்து முடித்தபின் இந்தக் கொல்கத்தாவே எனக்கு வேறாகத் தெரிந்தது. மனோகர்புகுர், தாகுர்புகுர் என்று நாம் நாள்தோறும் சொல்லும் பெயர்களில் உள்ள ‘புகுர்’ என்பது குளம்தானே! சென்னை நுங்கம்பாக்கத்திலும் ஏரி போய், ‘லேக் ஏரியா’ என்ற பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. நகரின் கிழக்கே, 2002-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலம், நம் கழிவுநீரை ஏற்று மீனும் காய்கறியும் தருகிறது. அதையும் பெயரளவில் மிஞ்ச விட்டுவிடுவோமா என்ற கவலை எனக்கு இந்நாவலால் வந்தது.

இரண்டாவது, இமையத்தின் ‘செல்லாத பணம்’ (2018). இது 2020-ஆம் ஆண்டின் அகாதெமி பரிசைப் பெற்றது. பொறியியல் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியை மணக்கிறாள். பின்னர் தீக்காயங்களோடு புதுவை ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கிறாள். அவளுடைய தந்தை தலைமை ஆசிரியர், பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பணம் அங்கே செல்லவில்லை. கதை பெரும்பாலும் பேச்சாகவே நடக்கிறது. ஒரே புலம்பல் திரும்பத் திரும்ப வருவது சலிப்பூட்டுவதாகச் சிலர் சொல்லலாம். மருத்துவமனை வாசலில் காத்திருப்போர் பேச்சு வேறெப்படி இருக்கும்?

இரண்டில் எது சிறந்தது? அறிவுக்கு விருந்து ‘சூல்’. ஆனால் என் உறக்கத்தைக் கெடுத்தது ‘செல்லாத பணம்’தான். நம்மில் பலர் வீட்டார் அனுப்பும் பணத்தில் படிக்கிறோம்; பணம் வந்துவிட்டால் உறவும் சரியாக இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். எங்கள் குடும்பத்திலும், தன் விருப்பப்படி மணம் செய்துகொண்டதற்காக ஒதுக்கி வைக்கப்பட்ட அக்கா ஒருத்தி உண்டு, பெரியப்பா மகள். மற்றவர்களைப் போல நானும் பேசாமல் இருந்தேன். நாவலை மூடிய அன்றிரவே அவளுக்குத் தொலைபேசி செய்தேன். மூன்று ஆண்டுகளுக்குப் பின், “சாப்பிட்டாயா தம்பி?” என்றுதான் முதலில் கேட்டாள். ஒரு நாவலின் பயனுக்கு இதைவிடச் சான்று எனக்குத் தேவையில்லை.

‘சூல்’ கதையை அறைத் தோழருக்குச் சொன்னேன். ஆறு வற்றியதும் மீனவர் ஊரே அழிந்துபோகும் கதையொன்று தம் மொழியிலும் உண்டு என்று, அத்வைத மல்லபர்மனின் ‘திதாஸ்’ நாவலைப் பற்றி (1956) நெடுநேரம் பேசினார். கொடுத்தவனுக்குத்தான் பெறும் உரிமையும் உண்டு என்பதை உணர்ந்தேன்.

நண்பர்களே, விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பும்போது, முறுக்கும் ஊறுகாயும் வைத்த பெட்டியில் ஒரு புதிய நாவலுக்கும் இடம் வையுங்கள். என் கருத்தை மறுப்பவர்கள் அடுத்த இதழில் எழுதுங்கள், மகிழ்ச்சியோடு படிப்பேன்.