காருக்கு அடியில் ஒரு கோணக் கணக்கு

மாணவர்களே! தூத்துக்குடியில் என் நண்பர் ஒருவர், உப்பளப் பாதையில் அடிப்பாகம் இடிக்காமல் இருக்கத் தம் பழைய அம்பாசடர் காரின் பின்பக்கத்தை உயர்த்தினார். வில்பட்டைகளின் பின்முனையைத் தாங்கும் ஷேக்கிள்களை நீளமானவையாக மாற்றினார், அவ்வளவுதான். அன்று முதல் வேகம் கூடினால் இருக்கைக்கு அடியில் அதிர்வு! மூட்டுகளை இருமுறை மாற்றியும் பயனில்லை. குற்றம் எங்கே?

2014 வரை தயாரான அம்பாசடரில் எஞ்சின் முன்னே. உந்தித் தள்ளுவது பின்சக்கரம். கியர்ப்பெட்டியின் சுழற்சியைப் பின்னச்சிலுள்ள பினியன் என்னும் சிறு பற்சக்கரத்திற்கு ஒரு நீண்ட தண்டு கொண்டு செல்கிறது. பின்னச்சு ஏறி இறங்குவதால், தண்டின் இரு முனைகளிலும் யுனிவர்சல் மூட்டுகள் உள்ளன. இரு கவைகள், நடுவே ஒரு சிலுவை, இதுவே மூட்டு. கப்பல் ஆடினாலும் திசைகாட்டியைச் சாயாமல் தாங்கும் வளையங்களின் தத்துவமும் இதுவே. சுருள்வில் விதி தந்த ராபர்ட் ஹூக் 17ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்ததால், 'ஹூக் மூட்டு' என்றும் பெயர்.

இம்மூட்டுக்கு ஒரு குறை உண்டு. கடிகார முகத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வட்டம் நீள்வட்டமாகத் தெரியும். எண்களுக்கு இடையேயுள்ள சம கோணங்கள் சமமற்றவையாகத் தோன்றும். சாய்ந்த மூட்டிலும் இதுதான் நிகழ்கிறது. ஒரு தண்டு சீராகச் சுழன்றாலும், மற்றது ஒரு சுற்றில் இருமுறை விரைந்து, இருமுறை தயங்கும். கோணம் 5° ஆனால், நிமிடத்திற்கு 3,000 சுற்று என்பது 2,989க்கும் 3,011க்கும் இடையே ஊசலாடும். அதுவும் நொடிக்கு 100 முறை!

இதற்கு மருந்து இரண்டாவது மூட்டே. முதல் மூட்டு செய்த பிழையை அது எதிராகச் செய்து அழித்துவிடும். அதற்கு, தண்டின் இருமுனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். கியர்ப்பெட்டி அச்சும் பினியன் அச்சும் இணையாக இருக்க வேண்டும்.

சமதரையில், சக்கரங்கள் தரையில் ஊன்றி நிற்க, எஞ்சினை நிறுத்திவிட்டு மெக்கானிக்கின் துணையோடு கோணமானியும் தூக்குக்குண்டும் கொண்டு அளந்தோம். கிடைமட்டத்திலிருந்து பின்நோக்கிய இறக்கம்: கியர்ப்பெட்டி அச்சு 3°, தண்டு 8°, பினியன் அச்சும் 8°. ஆக, முன்மூட்டில் 5°, பின்மூட்டில் 0°. பினியன் தண்டோடு நேர்கோட்டில் நிற்பது நல்லது என்றுதானே தோன்றும்? அதுவே பிழை! முன்மூட்டின் ஊசலாட்டத்தை அழிக்கப் பின்னே ஆளில்லை. மேலும் 0° கோணத்தில் சிலுவையின் ஊசி உருளைகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுந்தித் தேயும்.

வில்பட்டைக்கும் பின்னச்சுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்து, பினியன் அச்சை 2°க்குக் கொண்டுவந்தோம். ஏன் 3° இல்லை? கார் உந்தும்போது எதிர்விசையால் பினியனின் மூக்கு சற்று மேலெழும். அதற்காக 1° குறைவு.

அதிர்வு அடங்கியது. ஆயினும் 5° பெரிய கோணமே. மூட்டு விரைவில் தேயும். தேய்ந்த மூட்டு ஓட்டத்தில் முறிந்தால் தண்டு சாலையில் விழும், உயிருக்கே ஆபத்து. ஆகவே நண்பர் பழைய ஷேக்கிள்களையே மீண்டும் பொருத்தி, ஆப்பை எடுத்துவிட்டு, கோணங்களைத் திரும்ப அளந்து சரிபார்த்தார். தேய்ந்த பொருளை மாற்றுமுன், அது ஏன் தேய்ந்தது என்று கேளுங்கள்.