இசைக் கைங்கர்யத்துக்கென்றே வந்த நிதி

செல்வம் வரும் வழிகள் பல. உழைத்துச் சேர்ப்பது ஒன்று. முன்னோர் வைத்துச் செல்வது ஒன்று. எதிர்பாராத வேளையில் எம்பெருமான் திருவுள்ளத்தால் வந்து சேர்வது மற்றொன்று. துறைமுகத்திலும் ஆலைகளிலும் பணிபுரிவோர் மிகுந்த இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் மூன்றாம் வகைச் செல்வம் புதிதன்று. நிலுவைச் சம்பளம் மொத்தமாக வரும். ஓய்வு பெறும் நாளில் பணிக்கொடை வரும். நிலத்துக்கு இழப்பீடு வரும். அதில் ஒரு பகுதியை, "இது பெருமாள் திருமுன்பு இசைக்கு மட்டுமே, வேறெதற்கும் அன்று" என்று நேர்ந்து ஒப்படைக்கும் அன்பர்களும் உண்டு.

அப்படி ஒரு தொகை ஒரு பஜனை கோஷ்டியின் கையிலோ கைங்கர்ய சபையின் கையிலோ வந்துவிட்டால், அதை எவ்வாறு செலவிடுவது? எளிய வினாப் போலத் தோன்றினும், பல நல்ல கோஷ்டிகள் இதில்தான் இடறியிருக்கின்றன. பெரியோர் வரலாற்றில் இதற்கு விடை உண்டு.

நிதி யாருடையது?

ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகள் (1767–1847) தொண்டை நாட்டுக்கு யாத்திரையாக வந்தபோது, திருவொற்றியூரில் தம் சீடர் வீணை குப்பையரின் உபசாரத்தை ஏற்றார். அங்கே கோயில் கொண்ட அம்பாள்மீது ஐந்து கீர்த்தனங்கள் அருளினார். கோவூரில் செல்வர் சுந்தரேச முதலியார் அவரை எழுந்தருளச் செய்து பணிவிடை செய்தார். பொருள் கொடுத்தால் ஸ்வாமிகள் ஏற்கமாட்டார் என்பதை அறிந்த முதலியார், அவர் அறியாமல் ஆயிரம் பொற்காசுகளைப் பல்லக்கில் வைத்து, "ஸ்ரீராமநவமி உற்சவத்துக்கு" என்று சீடர்களிடம் மட்டும் தெரிவித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

நாகலாபுரம் காட்டுவழியில் கள்வர் தொடர்ந்தனர். சீடர்கள் நடுங்கினர். காரணம் கேட்டறிந்த ஸ்வாமிகள் கலங்கவில்லை. அது தம் பொருளாயின் அப்போதே கள்வரிடம் கொடுத்துவிடலாம். இராமனுடைய உற்சவத்துக்கு என்று குறித்த பொருளாதலால் அதைக் காப்பது இராமன் பொறுப்பு என்பது அவர் கொண்ட முடிவு. வில்லேந்திய இரு இளைஞர் பல்லக்கைக் காத்து வந்ததைக் கண்டு கள்வர் மனம் திருந்தி அடி பணிந்தனர் என்று கதை முடிகிறது.

இதில் முதற்பாடம் கிடைக்கிறது. குறித்து ஒப்படைத்த பொருள், பெற்றவர் பொருள் அன்று. நம் திருக்கோயில் வழக்கில் இதற்குக் "கட்டளை" என்று பெயர். விளக்குக் கட்டளையை அன்னதானத்துக்கு எடுப்பதில்லை. அன்னதானம் உயர்ந்தது என்பதற்காகவும் எடுப்பதில்லை. இசைக்கென வந்ததும் அவ்வாறே. மண்டபத்துக்கு வண்ணம் பூசவோ, மின்விளக்குத் தோரணத்துக்கோ, சென்ற ஆண்டின் கடனை அடைக்கவோ அதில் ஒரு காசும் எடுத்தல் ஆகாது. தனிக் கணக்கு, தனி ஏடு, ஆண்டுதோறும் அடியார்கள் முன் வாசிப்பு ஆகிய மூன்றும் கட்டளைக்கு வேலி.

முதலைக் காப்பதா, செலவிடுவதா?

திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் திருக்கோயிலில் பழைய அரசர் காலத்துக் கல்வெட்டுகள் பல உள்ளன. அணையா விளக்குக்குப் பொன்னும் ஆடும் விட்ட செய்திகள் அவற்றில் காணப்படும். தமிழகக் கோயில்களில் ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் விடுவது மரபு. அவற்றைச் "சாவா மூவாப் பேராடு" என்பர். ஆடு இறவாமல் இருக்குமோ? இறப்பதற்கு ஈடாகக் குட்டியை வளர்த்து, எண்ணிக்கை குறையாமல் காத்து, நெய்யை மட்டும் விளக்குக்கு அளக்க வேண்டும் என்பதே இதன் பொருள். முதல் அழியாது, பயன் மட்டும் எரியும்.

இசைக்கும் ஓதலுக்கும் இவ்வாறே நிவந்தங்கள் இருந்தன. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திர சோழன் (1014–1044) காலத்துக் கல்வெட்டு திருவாய்மொழி ஓதுவார்க்கு நெல் அளந்த செய்தியைக் கூறுகிறது.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த நெல் இன்று அளக்கப்படுகிறதா? அந்த ஆடுகள் எங்கே? அரசுகள் மாறின, நிலங்கள் கைமாறின, கல்லில் எழுத்து மட்டும் நின்றது. ஆனால் திருவாய்மொழி நிற்கவில்லை. இன்றும் திவ்ய தேசங்களில் ஒலிக்கிறது. எதனால்?

நாதமுனிகள் செய்த முதலீடு

குருபரம்பரை நூல்கள் இதற்கு விடை சொல்கின்றன. வீரநாராயணபுரத்தில் மன்னனார் ஸந்நிதியில், யாத்திரையாக வந்த ஸ்ரீவைஷ்ணவர்கள் குடந்தை ஆராவமுதன்மீது பத்துப் பாசுரங்களைச் சேவித்தார்கள். அது ஆயிரத்துள் ஒரு பத்து என்று கேட்ட ஸ்ரீமந் நாதமுனிகள், மற்றவற்றைத் தேடித் திருக்குருகூர் சென்றார். அங்கே பராங்குச தாஸரிடம் மதுரகவிகளின் பிரபந்தத்தைப் பெற்று, அதைப் பன்னீராயிரம் உரு ஜபித்தார். நம்மாழ்வார் பிரத்யக்ஷமாகி நாலாயிரத்தையும் அருளினார். ஆயிரம் தேடிச் சென்றவருக்கு நாலாயிரம் கிடைத்தது. இதைவிடப் பெரிய எதிர்பாராத நிதி வேறேது?

அந்த நிதியை அவர் பேழையில் பூட்டவில்லை. ஒருநாள் பெருவிழாவாகக் கரைத்துவிடவும் இல்லை. தேவகானத்தில் இசை அமைத்து, தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் கற்பித்தார். இரண்டே மாணாக்கர்! அவர்கள் வழியே வளர்ந்த மரபைத்தான் ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய தலங்களில் அரையர் ஸேவையாக இன்றும் கண்டு மகிழ்கிறோம். உண்மையான சாவா மூவாப் பேராடு கற்ற மாணாக்கனே. அவன் மூப்பதற்குள் இன்னொருவனை உருவாக்கிவிடுகிறான். நாணயத்தின் மதிப்புக் குறைந்தாலும் அவன் கற்றது குறைவதில்லை.

செலவிடும் முறை

ஆகவே, இசைக்கென வந்த நிதியில் பெரும்பங்கு கற்பித்தலுக்கே உரியது. பத்து இலட்சம் ரூபாய் வந்தது என்று கொள்வோம். நூற்றுக்கு 7 வட்டியில் ஆண்டுக்கு 70,000. மாதம் ஒன்றுக்கு ஏறக்குறைய 5,800 கிடைக்கும். வாரம் இரு நாள் வந்து குழந்தைகளுக்குப் பாசுரமும் கீர்த்தனமும் சொல்லித் தரும் ஆசிரியருக்கு அது ஒரு தக்ஷிணையாகும். வந்தது ஒரு இலட்சமே என்றால் வட்டி மாதம் 600-ஐயும் எட்டாது. அதை முடக்கி வைப்பதைவிட, மூன்று ஆண்டுகளில் முழுவதும் செலவிட்டு ஐந்து பிள்ளைகளையாவது தாமே சேவிக்கும் நிலைக்குக் கொண்டு வருவது மேல். முதல் பணமாக இராவிட்டாலும் பிள்ளைகளாக இருக்கும்.

இரண்டாவது, திருக்கோயில் மேளம். பல கோயில்களில் மின்விசையில் இயங்கும் முரசும் மணியும் நாதஸ்வரத்தின் இடத்தைப் பிடித்துவிட்டன. அதற்குச் சீவாளி மாற்ற வேண்டியதில்லை, வார் பிடிக்க வேண்டியதில்லை, சம்பளமும் இல்லை. ஆனால் அது திருப்பள்ளியெழுச்சிக்கும் திருவந்திக்காப்புக்கும் ஒரே ஒலியைத்தான் எழுப்பும். காலத்துக்கேற்ற இராகம் அதற்குத் தெரியாது. நாதஸ்வரக் கலைஞரையும் தவில் கலைஞரையும் உற்சவ நாள்களுக்காவது உரிய மதிப்புடன் அழைத்தல் இசை நிதியின் கடமை.

மூன்றாவது, கருவிகள். இங்கே எச்சரிக்கை வேண்டும். கடற்கரை உப்புக் காற்றில் தந்தி துருவேறும். மழைக்கால ஈரத்தில் மிருதங்கத் தோல் தளரும். வாசிப்பார் இல்லாமல் வாங்கிய தம்புரா சில ஆண்டுகளில் காட்சிப் பொருளாகிவிடும். முதலில் கற்பவர், பிறகு கருவி, அதன்பின் அதைப் பழுது பார்க்க ஒதுக்கீடு என்பதே வரிசை.

நான்காவது, ஏடு. வேணுகோபாலனிடம் ஈடுபட்டு, கோபாலதாஸ முத்திரையுடன் திருவேங்கடமுடையான்மீதும் பஞ்சரத்தினம் பாடிய வீணை குப்பையரின் உருப்படிகள் நமக்குக் கிடைத்ததில், அவர் திருக்குமாரர் திருவொற்றியூர் தியாகையருக்குப் பங்கு உண்டு. அவர் 1900-இல் "பல்லவி ஸ்வர கல்பவல்லி" என்னும் நூலை ஸ்வரக் குறிப்புடன் வெளியிட்டார். நம் தெருவில் முதியோர் மட்டுமே அறிந்த பஜனைப் பாடல்கள் எத்தனை! அவற்றை எழுதியும் ஒலிப்பதிவு செய்தும் வைப்பதற்கு ஆகும் செலவு சிறிது. தவறவிட்டால் இழப்பு பெரிது.

மேடைக் கச்சேரியும் வேண்டியதே. பெரிய வித்வானின் இசையைக் கேட்பது கற்பவருக்கும் கல்வி. ஆனால் ஓர் இரவின் ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் நிதி முழுவதும் கரைந்தால், மறுநாள் காலை கோஷ்டியில் சேவிக்கப் பழைய மூவரே நிற்பர்.

யாருக்காக?

கடைசி வினா இது. பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) சென்னையில் வாழ்ந்து இசையால் பொருள் ஈட்டியவர். திருவையாற்றில் தியாகராஜ ஸ்வாமிகளின் சமாதி சிதைந்து கிடப்பதை அறிந்து, தம் பொருளைக் கொண்டு 1920-களில் அங்கே கோயில் எழுப்பினார். அவர் எழுப்பிய ஸந்நிதியிலேயே ஆராதனையில் பெண்கள் பாட அக்காலத்தில் இடமில்லை. அவர் பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். தம் உடைமையையும் அந்தக் கைங்கர்யத்துக்கே எழுதி வைத்தார். இன்று ஆடவரும் பெண்டிரும் அங்கே ஒருங்கே அமர்ந்து பாடுகின்றனர்.

கட்டடத்துக்குச் செலவிட்டாலும், அதில் பாடும் குரல்களுக்கு வாயில் திறந்தால்தான் செலவு நிறைவுறும் என்பது அவர் காட்டிய வழி. நம் பகுதியில் மீனவர் குப்பத்துப் பிள்ளையும், நெசவாளர் வழிவந்த காலடிப்பேட்டைப் பிள்ளையும், ஆலைத் தொழிலாளியின் மகளும் ஒரே பாயில் அமர்ந்து பாசுரம் கற்க வேண்டும். இரவு முறை முடித்துக் காலையில் வீடு திரும்பும் தந்தையும் மாலையில் வந்து அமரும்படி வகுப்பு நேரம் அமைய வேண்டும்.

வந்த நிதி சிறிதோ பெரிதோ, ஆண்டு முடிவில் கேட்க வேண்டியது ஒன்றே: சென்ற உற்சவத்தில் வாய் திறவாதிருந்தவர்களில், இவ்வுற்சவத்தில் எத்தனை பேர் பெருமாள் திருமுன்பு பாடுகிறார்கள்? அந்த எண்ணிக்கை வளருமாயின் நிதியும் வளர்கிறது என்பது உறுதி. எம்பெருமான் திருவருளால் அத்தகைய குரல்கள் வீதிதோறும் பெருகுக!