புதிய நூலகர்க்குப் பயிற்சி நல்கை

முன்னுரை

பூவிருந்தவல்லிக்கும் திருப்பெரும்புதூருக்கும் இடையே, சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் தண்டலம். ஒருபுறம் இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைகள். மறுபுறம் பொறியியல், மருத்துவக் கல்லூரிகள். தொழிற்சாலையில் பழகுநராகச் சேரும் இளைஞனிடம் முதல் நாளே இயந்திரத்தை ஒப்படைப்பதில்லை. உதவித்தொகையுடன் தொழில் பழகும் காலத்தை 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் அவனுக்கு வகுத்திருக்கிறது. கல்லூரிக்குப் புதிதாக வரும் நூலகரிடமோ, பெரும்பாலும் சேர்ந்த அன்றே சாவிக்கொத்தையும் நூலிருப்புப் பதிவேட்டையும் கொடுத்துவிடுகிறோம். பணியின் தொடக்கத்திலேயே ஊதியத்தோடு கற்கும் வாய்ப்பாகிய பயிற்சி நல்கை அவர்க்கும் வேண்டும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சென்னை கண்ட முன்மாதிரி

இதற்கான சிறந்த சான்று நம் மண்ணிலேயே உண்டு. சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். அப்போது அவர் நூலகவியல் பயின்றவர் அல்லர். புதிய பணியின் தனிமை பொறாமல் மீண்டும் வகுப்பறைக்கே திரும்ப விரும்பினார் என்றும், இங்கிலாந்து சென்று வந்தபின் முடிவு செய்யுமாறு கல்லூரி முதல்வர் அறிவுறுத்தினார் என்றும் கூறுவர்.

பல்கலைக்கழகம் அவரை இலண்டனுக்கு அனுப்பியது. அங்குப் பல்கலைக்கழகக் கல்லூரியில் நூலகவியல் பயின்றார். சேயர்சு என்னும் ஆசிரியர் அவர்க்கு வழிகாட்டியானார். குரோய்டன் பொதுநூலகத்தில் பணி பழகியதோடு, பல நூலகங்களை நேரில் கண்டார். கடையொன்றில் கண்ட மெக்கானோ விளையாட்டுப் பொருள் அவர் சிந்தனையைத் தூண்டியது. சில துண்டுகளை வெவ்வேறாக இணைத்துப் பல உருவங்கள் அமைப்பது போல், பொருட்கூறுகளை இணைத்து நூல்களைப் பகுக்கலாம் என்னும் எண்ணம் அங்கு அரும்பியது. அதுவே 1933இல் கோலன் பகுப்புமுறையாக நூல்வடிவம் பெற்றது.

1925இல் திரும்பிய அவர், வாசகர் தாமே அடுக்குகளுக்குச் சென்று நூல் தேரும் திறந்த முறையைக் கொணர்ந்தார். நூலக நேரத்தை நீட்டினார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1929இல் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. நூல் காப்பதற்கன்று, பயன்படுவதற்கே என்பதை முதல் விதியாகக் கொண்ட ஐந்து விதிகள் 1931இல் வெளிவந்தன. 1948இல் சென்னைப் பொதுநூலகச் சட்டம் பிறந்தது. ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சிக்குச் செலவிட்ட பொருள் எத்துணை மடங்காகத் திரும்பியது என்பது எண்ணத்தக்கது.

கற்றவர் கற்பித்தல்

அரங்கநாதன் வரலாறு தனித்த நிகழ்ச்சியன்று. பரோடாவில் 1911இலும் இலாகூரில் 1915இலும் நூலகப் பயிற்சி வகுப்புகள் தொடங்கின. இலாகூரில் பயின்ற கான் பகதூர் அசதுல்லா, 1930இல் கல்கத்தா இம்பீரியல் நூலகத்தின் நூலகரானார். 1935இல் அங்குப் பயிற்சி வகுப்பு ஏற்படுத்தினார். ஒருவர்க்கு அளித்த பயிற்சி அவரோடு நின்றுவிடுவதில்லை என்பது இதனால் பெறப்படும்.

பிறநாட்டில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் 1999 முதல், புதிதாகப் பட்டம் பெற்ற நூலகர்க்கு ஈராண்டு நல்கை வழங்கத் தொடங்கியது. நல்கை பெறுவோர் ஒரு துறையின் அன்றாடப் பணியோடு புதிய திட்டம் ஒன்றிலும் பங்கேற்பர்.

நாம் செய்யத்தக்கன

நம் நாட்டில் நூலகர்க்குப் புத்தொளிப் பயிற்சிகள் உள்ளன. ஆயின் அவை சில வாரங்களில் முடிவன. பணியேற்ற முதலாண்டில்தான் ஐயங்கள் மிகுதி. பழக்கங்கள் படிவதும் அப்போதுதான். எனவே நல்கையில் மூன்று கூறுகள் இன்றியமையாதன. ஊதியம் குறையாத கற்கும் காலம். மூத்த நூலகர் ஒருவரின் வழிகாட்டல். கற்றதைத் தம் நூலகத்தில் செய்துகாட்டும் கடப்பாடு.

இதற்கு இலண்டன் செல்ல வேண்டுவதில்லை. தண்டலத்துக் கல்லூரிகள் சில கூடி, தம் புதிய நூலகரை வாரம் ஒருநாள் சென்னைக்கு அனுப்பலாம். பல்கலைக்கழக நூலகம், 1896இல் திறக்கப்பெற்ற கன்னிமாரா, 1994இல் தோன்றிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், 2010இல் அமைந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் ஆகியன பேருந்தில் சென்று திரும்பும் தொலைவிலேயே உள்ளன. செலவு பெரிதன்று, அந்த ஒருநாளை விட்டுக்கொடுக்கும் மனமே பெரிது.

முடிவுரை

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதிக்கும் மாணவர், எந்த நூலைக் கேட்பது என்று அறியாமலே நூலகத்தினுள் நுழைகின்றனர். கேட்கத் தயங்கி வெறுங்கையோடு திரும்புவோரும் உளர். அத்தயக்கத்தைக் கண்டறிந்து, அழைத்து அமர்த்தி, வேண்டிய நூலைக் கையில் கொடுப்பவரே நூலகர். அக்கலை சாவிக்கொத்தோடு வருவதன்று, கற்று வருவது. அதைக் கற்பதற்குரிய காலத்தை அவர்க்கு அளிப்பது, கல்வி நிறுவனங்களை நடத்தும் நம் அனைவரின் கடமையாகும்.