முகில் காட்டும் உள்ளம்

ஆனி, ஆடித் திங்கள்களில் சங்கரன்கோவிலில் நின்று மேற்கே நோக்குவோர் மலைத்தொடரின்மீது முகில்கள் திரண்டெழுவதைக் காண்பர். அவை குற்றாலத்தில் சாரலாய்ப் பொழியும். எஞ்சியவை காற்றால் உந்தப்பட்டு இவ்வூர்க் கரிசல் நிலத்தைக் கடந்து செல்லும். இங்குப் பெருமழை பெய்வது ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களிலேதான். ஆதலின் ஆடி முகிலைக் காணும் உழவனுக்கு ஏக்கம் பிறக்கிறது. ஆடித்தபசு காண வந்த சிறுவனுக்கோ அதுவே யானையாகவும் தேராகவும் தோன்றி மகிழ்ச்சி தருகிறது. முகில் ஒன்றே, உணர்ச்சியோ வேறு வேறு. இவ்வுண்மையைப் படக்கருவி கொண்டு விளக்கினார் ஒரு கலைஞர்.

அவர் 1864இல் அமெரிக்க நாட்டில் பிறந்த ஆல்பிரெட் ஸ்டீக்லிட்ஸ் என்பவர். படக்கருவி வெறும் இயந்திரம். எதிரில் உள்ளதைப் படியெடுப்பதன்றி உள்ளத்தை உரைக்க அதனால் இயலாது என்று பலர் கருதிய காலம் அது. ஸ்டீக்லிட்ஸ் எடுத்த மனித உருவப் படங்கள் சிறந்தமைக்குக் காரணம், எதிரில் அமர்ந்தோரை அவர் தம் வயப்படுத்திய ஆற்றலே என்றும் ஒருவர் எழுதினார். இதற்கு மறுமொழி கூற விரும்பினார் ஸ்டீக்லிட்ஸ். முகிலை எவரும் வயப்படுத்த இயலாதன்றோ? 1922ஆம் ஆண்டில், நியூயார்க் மாநிலத்து ஜார்ஜ் ஏரிக்கரையில், அவர் தம் கருவியை வானை நோக்கித் திருப்பினார். அவருடைய அன்னையார் இறுதி நாளை நெருங்கிக்கொண்டிருந்த ஆண்டு அது.

அப்பணி எளிதன்று. பழைய படத்தகடுகளில் நீலவானமும் வெண்முகிலும் வேறுபாடின்றி வெளிறிவிடும். அவரோ பத்தாண்டுக்கு மேலாக முயன்று 200க்கு மேற்பட்ட முகிற்படங்களை எடுத்தார். அவற்றுள் பெரும்பாலானவற்றில் நிலமில்லை, மரமில்லை, தொடுவானமும் இல்லை. மேல் எது, கீழ் எது என அறிதலும் அரிது. ஊரும் பெயரும் நீங்க, ஒளியும் இருளுமே எஞ்சின. இத்தகைய படங்களை அருவப் படங்கள் என்பர். தம் உணர்வுக்கு நிகரானவை என்னும் பொருள்பட, 1925 முதல் அவற்றிற்கு 'நிகர்கள்' எனப் பெயரிட்டார்.

இவர் கலையின் அருமையை உணர்ந்தவருள் ஒருவர், 1877இல் கொழும்பு நகரில், ஈழத் தமிழரான முத்துக் குமாரசாமியின் மகனாய்த் தோன்றிய ஆனந்த குமாரசாமி ஆவார். பாஸ்டன் நுண்கலை அரும்பொருட்காட்சிச் சாலையில் பணியாற்றிய இவர்தம் முயற்சியால், 1924இல் ஸ்டீக்லிட்ஸின் 27 படங்கள் அங்கு இடம்பெற்றன. ஓவியமும் சிற்பமும் வீற்றிருந்த அவையில் புகைப்படமும் ஓர் இருக்கை பெற்றது.

தமிழ் மாணவர்க்கு இக்கருத்து முற்றிலும் புதிதன்று. தொல்காப்பியம் முல்லைக்குக் கார்காலத்தையும் மாலைப் பொழுதையும் உரியவாக்குகிறது. அத்திணைக்குரிய உணர்வு, தலைவன் வரவு நோக்கி ஆற்றியிருத்தல். ஆகவே புலவர் கார்முகிலைப் பாடின், காத்திருக்கும் தலைவியின் நெஞ்சத்தையே பாடினாராவர். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. நம் புலவர்க்கு இன்ன நிலத்திற்கு இன்ன உணர்வு என்னும் மரபு துணைநின்றது. ஸ்டீக்லிட்ஸுக்கு அத்தகைய மரபு இல்லை. அதனால் அவர் துயருற்று எடுத்த படத்தில் மற்றொருவர் அமைதியைக் காணவும் கூடும். அஃது அக்கலையின் குறையன்று. காண்போர்க்கும் அதில் பங்குண்டு என்பதே பொருள்.

இந்நாளில் கைப்பேசியிலும் படக்கருவி உண்டு; நொடியில் நூறு படம் எடுத்தல் எளிது. ஆயினும், எடுப்பவர் நெஞ்சம் கலவாத படம் வெறும் நிழலேயாகும். மாணவர்களே, மலைமேல் முகிலெழும் மாலையில் சற்றே நின்று நோக்குங்கள். உங்கள் உள்ளம் யாது கூறுகிறது எனக் கேளுங்கள். அதன்பின் கருவியைக் கையில் எடுங்கள்.